இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளும் ஒரு ரயில்வேக்காரரின் கணக்கும்

சென்ற மலரில் வீட்டு மின்சாரச் சிக்கனத்தைப் பற்றி நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, பொங்கல் விழாவன்று பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் இரண்டு நண்பர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "கீசர், மின்விசிறி எல்லாம் புரிந்தது சார். எங்கள் பையன் கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று உயிரை வாங்குகிறான். முப்பதாயிரம் ரூபாய் என்கிறான். அது என்ன சாமான், அதற்கு ஏன் இத்தனை விலை, எதைப் பார்த்து வாங்குவது? அதைப் பற்றி எழுதுங்களேன்" என்றார்கள். அதே பஞ்சாயத்து என் வீட்டிலும் நடந்து முடிந்திருந்தது அவர்களுக்குத் தெரியாது.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, அஜ்னி மின்சார லோகோ ஷெட்டில் எஞ்சின்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். ஆனால் இரண்டு எஞ்சின்களின் விவரத் தாள்களை அருகருகே வைத்து, எது எந்த வேலைக்கு ஆகும் என்று பார்ப்பது எனக்குச் சோறு போட்ட வேலை. கார்டு விஷயத்திலும் அந்தப் பழக்கம்தான் உதவியது. ஓரிடத்தில் கோட்டை விட்டேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். என் மகளுக்கு இரண்டு பிள்ளைகள். பேத்தி கட்டடக்கலை நான்காம் ஆண்டு, பேரன் பதினோராம் வகுப்பு. இருவருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர், 2019இல் வாங்கியது. அதிலிருந்த கார்டில் 4 ஜிபி மெமரிதான். பேத்தி ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தை முப்பரிமாணத்தில் அமைத்து, அதற்குள் நாம் நடந்து போவது போலப் படமாக்கிக் கல்லூரியில் கொடுக்க வேண்டும். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்கிறாள். செங்கல், மரம், கண்ணாடி, வாசலில் வேப்பமரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க, ஒரு கட்டத்தில் மெமரி போதவில்லை என்று திரையில் ஒரு வரி வந்து வேலை நின்றுவிடும். இரவு இரண்டு மணிக்கு அந்தத் திரையின் முன் அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்ததைத் தண்ணீர் குடிக்க எழுந்த நான் பார்த்தேன். பேரனுக்கோ கால்பந்தும் கார் பந்தயமும் தடங்கலில்லாமல் ஓட வேண்டும். கம்ப்யூட்டர் ஒன்று, கார்டு ஒன்று, பணம் என் சேமிப்பிலிருந்து. அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு கட்சி.

2024 தீபாவளிக்கு முன், போட்டி இரண்டு கார்டுகளுக்குள் வந்து நின்றது. இரண்டிலும் இருப்பது என்விடியா கம்பெனியின் சில்லு. ஒன்று 2021 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3060, மெமரி 12 ஜிபி. மற்றது 2023 ஜூனில் வந்த ஆர்டிஎக்ஸ் 4060, மெமரி 8 ஜிபி. வெளிவந்த சமயத்தில் அமெரிக்காவில் முதலாவதற்கு 329 டாலர், இரண்டாவதற்கு 299 டாலர் என்று விலை வைத்தார்கள். நம் ஊர்க் கடையில் நான் கேட்டபோது தலைகீழாக, புதியதுதான் சில ஆயிரம் அதிகம்.

"தாத்தா, 3060ஐ விட 4060 ஆயிரம் ஜாஸ்தி. புதுசு வேற. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் பேரன். கடைக்காரரும் அதையேதான் சொன்னார், ஹிந்தியில்.

நான் அவனுக்கு நம் எஞ்சின்களைக் காட்டினேன். டபிள்யூஏஜி 9 என்பது சரக்கு எஞ்சின். டபிள்யூஏபி 7 பயணி வண்டி எஞ்சின். இரண்டாவது, முதலாவதிலிருந்து உருவானதுதான். இரண்டும் ஆறாயிரம் குதிரைத்திறனுக்கு மேல். எடையும் ஒன்றே, 123 டன். ஆனால் பல்சக்கர விகிதத்தை மாற்றியதால் ஒன்று கிளம்பும்போது சுமார் 460 கிலோ நியூட்டன் இழுக்கும், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போகாது. மற்றது சுமார் 320 கிலோ நியூட்டன்தான் இழுக்கும், ஆனால் 140இல் ஓடும். எது பெரிய எஞ்சின் என்று கேட்டால் பதில் கிடையாது. பின்னால் எதைக் கோர்க்கப் போகிறாய் என்று முதலில் சொல்ல வேண்டும். "அப்ப 9ஐ விட 7 சின்ன நம்பர், ஆனா வேகமா?" என்றான். அந்த அளவுக்குப் புரிந்தது எனக்குப் போதும்.

கார்டு செய்யும் வேலை

திரையில் நாம் பார்க்கும் படம் புள்ளிகளால் ஆனது. சாதாரணமாகக் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 வரிசைகள்; பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். விளையாட்டு தடங்கலில்லாமல் ஓட வேண்டுமானால் விநாடிக்கு 60 முறையாவது இத்தனை புள்ளிகளையும் புதிதாக வரைய வேண்டும். அதாவது விநாடிக்கு 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் நிறம், வெளிச்சம், நிழல் என்று பல கணக்குகள்.

கம்ப்யூட்டரின் மூளையான சிபியு, ஷெட்டில் இருக்கும் நான்கைந்து கைதேர்ந்த பிட்டர்களைப் போல. எந்தச் சிக்கலான வேலையும் செய்வார்கள், ஆனால் ஆட்கள் குறைவு. கிராபிக்ஸ் சில்லு தண்டவாளம் மாற்றும் கேங் ஆட்களைப் போல. ஒவ்வொருவர் வேலையும் எளிது; ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே குரலுக்கு ஒன்றாகக் கடப்பாரை போடுவார்கள். அந்த ஆட்களைத்தான் பெட்டியின் மேல் 'கோர்' என்று அச்சடிக்கிறார்கள்.

3060இல் 28 கேங், ஒவ்வொன்றிலும் 128 பேர், மொத்தம் 3,584 கோர்கள். 4060இல் 24 கேங், 3,072 கோர்கள்தான். புதியதில் ஆட்கள் குறைவு! பேரன் முகம் கொஞ்சம் வாடியது. பேத்திக்குச் சிரிப்பு. ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. கடப்பாரை எவ்வளவு சீக்கிரம் விழுகிறது என்று பார்க்க வேண்டாமா? 3060இன் வேகம் 1,777 மெகாஹெர்ட்ஸ் வரை; 4060இன் வேகம் 2,460 மெகாஹெர்ட்ஸ் வரை.

ஒரு கோர் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் ஆக இரண்டு கணக்குகள் செய்யும். ஆகவே ஆட்கள், இரண்டு, வேகம் மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கணக்கு என்பது வந்துவிடும். 3060க்கு விநாடிக்குச் சுமார் 12.7 லட்சம் கோடி. 4060க்குச் சுமார் 15.1 லட்சம் கோடி. இந்தப் பெருக்கலைப் பேரனையே பேப்பரில் போடச் சொன்னேன். வகுத்துப் பார்த்து, "19 சதவீதம் அதிகம்" என்று வெற்றிக்கொடி நாட்டினான். அவன் சொன்னது சரி. உண்மையான விளையாட்டுகளில் வைத்துப் பார்த்தவர்களின் அளவும் சராசரியாக அந்த இருபது சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. காகிதக் கணக்கும் தண்டவாளமும் இவ்வளவு ஒத்துப்போவது அபூர்வம். இரண்டும் ஒரே கம்பெனி, கோர்களின் அமைப்பும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் இது நடந்தது. வேறு கம்பெனி கார்டோடு ஒப்பிடும்போது இந்தப் பெருக்கலை நம்பக்கூடாது. அவர்கள் கோர் என்று எண்ணுவதே வேறு.

கிடங்கும் பாதையும்

அடுத்ததுதான் கடைக்காரர்கள் சரியாகச் சொல்லாத பகுதி. கேங் ஆட்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும், ஜல்லியும் ஸ்லீப்பரும் வந்து சேராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். கார்டின் மெமரி என்பது சரக்கு யார்டு. படத்துக்கு வேண்டிய செங்கல், மர வடிவங்கள், வண்ணங்கள் எல்லாம் அங்கேதான் இறக்கி வைக்கப்படும். யார்டின் கொள்ளளவுதான் 12 ஜிபி, 8 ஜிபி என்பது. யார்டிலிருந்து வேலையிடத்துக்கு எத்தனை பாதை என்பது இன்னொரு எண், அதை 'பஸ் அகலம்' என்பார்கள். 3060க்கு 192 பிட், 4060க்கு 128 பிட். ஒவ்வொரு பாதையிலும் வண்டி ஓடும் வேகம் 3060க்கு விநாடிக்கு 15 கிகாபிட், 4060க்கு 17.

இதையும் பெருக்கலாம். 192 பாதை, 15 கிகாபிட், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுக்க வேண்டும்: விநாடிக்கு 360 ஜிபி. மற்றதற்கு 128, 17, வகுத்தல் 8: விநாடிக்கு 272 ஜிபி. ஆக, வேகமான கேங்குக்குக் குறுகலான பாதை. இது என்ன நியாயம் என்று எனக்கே முதலில் குழப்பமாக இருந்தது.

விடை, 'கேச்' என்ற சொல்லில் இருக்கிறது. ஷெட்டில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஸ்டோருக்கு ஆள் அனுப்பினால் அரை நாள் நடையிலேயே போய்விடும். அடிக்கடி வேண்டியதை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டால் ஸ்டோர் எவ்வளவு தூரத்தில் இருந்தால் என்ன? அந்தப் பெட்டி 3060இல் 3 எம்பி. 4060இல் 24 எம்பி, எட்டு மடங்கு. அதனால்தான் குறுகலான பாதையை வைத்துக்கொண்டும் அது முந்துகிறது. நல்ல எஞ்சினியரிங் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் கருவிப்பெட்டி பெரிதாகிவிட்டதால் யார்டு பெரிதாகிவிடாது. 8 ஜிபி யார்டு 8 ஜிபிதான்.

யார்டு நிரம்பி வழிந்தால் என்ன ஆகும்? மீதிச் சரக்கைக் கம்ப்யூட்டரின் பொது மெமரியில் இறக்கி வைத்து, வேண்டும்போதெல்லாம் தாய்ப்பலகையில் கார்டு செருகும் ஸ்லாட் வழியாகக் கொண்டுவர வேண்டும். ஸ்லாட்டிலும் பாதைக் கணக்கு உண்டு. 3060, 16 பாதைகளைப் பயன்படுத்தும். 4060க்கு 8 பாதைகள்தான் வைத்திருக்கிறார்கள். புதிய கம்ப்யூட்டர்களில் ஒவ்வொரு பாதையும் வேகமானது என்பதால் தெரியாது. எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரின் ஸ்லாட் மூன்றாம் தலைமுறை. அதில் 8 பாதை என்றால் விநாடிக்குச் சுமார் 8 ஜிபிதான். கார்டின் சொந்த மெமரி 272 ஜிபி கொடுக்கும் இடத்தில் 8! இரட்டைப் பாதையில் ஓடிவந்த ராஜதானியை ஒற்றை லைனில் கிராஸிங்குக்கு நிறுத்தி வைத்த கதை. யார்டு நிரம்பாத வரை இந்தக் குறை கண்ணுக்கே தெரியாது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

மின்சாரம், சூடு

இதில் 4060தான் ராஜா. 3060க்கு 170 வாட், 4060க்கு 115 வாட். ஒரு வாட்டுக்கு எத்தனை கணக்கு என்று பார்த்தால் புதியது ஒன்றே முக்கால் மடங்கு வேலை செய்கிறது. பழையது சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் செய்த சில்லு, சுமார் 1,200 கோடி டிரான்சிஸ்டர்கள். புதியது தைவான் டிஎஸ்எம்சியில் செய்தது. சில்லின் பரப்பு பழையதில் பாதியைவிடச் சற்றே அதிகம், அதற்குள் சுமார் 1,890 கோடி டிரான்சிஸ்டர்கள். ரயில்வேயில் இருபது வருஷத்தில் நடந்த முன்னேற்றம் இவர்களுக்கு இரண்டே வருஷத்தில் நடந்துவிடுகிறது.

பணக் கணக்கில் பார்த்தால், 55 வாட் வித்தியாசம், தினம் 4 மணி நேரம் முழு லோடில் ஓடினால் வருஷத்துக்கு 80 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தால் எண்ணூறு ரூபாய். இதற்காகக் கார்டை முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் நாக்பூரில் மே மாதம் 45 டிகிரி அடிக்கும்போது, ஏசி இல்லாத அறையில் 170 வாட் சூடு என்பது மேஜைக்கடியில் ஒரு சின்ன அடுப்பு. அது கவனிக்க வேண்டிய விஷயம்தான். இன்னொன்று, இரண்டு கார்டுகளுக்குமே கம்பெனி சொல்லும் எஸ்எம்பிஎஸ் 550 வாட். எங்களிடம் இருந்தது 450. அதை மாற்றும் செலவு அக்காள், தம்பி, தாத்தா மூவர் கணக்கிலும் இல்லை. உங்கள் வீட்டில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

விளம்பரக் கோடுகள்

கம்பெனி போடும் படங்களில் புதிய கார்டின் கோடு பழையதைவிட ஏகத்துக்கு உயரமாக இருக்கும். 4060க்கு அவர்களே சொன்ன கணக்கு சாதாரணமாகச் சுமார் 20 சதவீதம் அதிகம். ஒரு விசேஷ வசதியைச் சேர்த்தால் சுமார் 70 சதவீதம். அந்த வசதி என்னவென்றால், கார்டு உண்மையாக வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு படத்தைத் தானே ஊகித்துச் செருகிவிடும். 3060இல் அந்த வசதி இல்லை. கண்ணுக்கு ஓட்டம் வழவழப்பாகத் தெரியும், பொய்யில்லை. ஆனால் பேரன் பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் பந்து நகர்வதற்கும் இடையிலான தாமதம் அதனால் குறையாது. செருகிய படம் அவன் அழுத்தியதைப் பார்த்து வரைந்ததல்லவே. ஆகவே கோடுகளை ஒப்பிடும்போது அந்த வசதி இல்லாத கோட்டைத் தேடிப் பாருங்கள்.

விநாடிக்குச் சராசரி எத்தனை படம் என்பதும் பாதி உண்மைதான். அறுபது படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி விநாடி. எல்லாம் சீராக வந்துகொண்டிருக்கும்போது ஒரே ஒரு படம் 100 மில்லி விநாடி எடுத்தால் சராசரியில் அது காணாமல் போகும்; கண் மட்டும் ஒரு வெட்டைப் பார்த்துவிடும். வண்டியின் சராசரி வேகம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அவுட்டரில் நின்ற அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் பயணி வீட்டில் போய்ச் சொல்வார். இந்த டிடென்ஷனைக் காட்டத்தான் மிக மெதுவான ஒரு சதவீதப் படங்களைத் தனியாக அளந்து போடுகிறார்கள். மெமரி நிரம்பும் கார்டில் முதலில் விழுவது அந்த எண்தான், சராசரி அல்ல.

லோடை அளந்தோம்

இவ்வளவு கணக்குக்குப் பிறகும் முடிவு வரவில்லை. பேரனின் விளையாட்டுகளுக்கு 4060 சிறந்தது, சந்தேகமில்லை. பேத்தியின் வேலையிலும், யார்டுக்குள் அடங்கினால், 4060தான் வேகம். ஒளிக்கற்றைகளைக் கணக்கிடும் பகுதி அதில் இன்னும் புதியது. எல்லாம் அடங்குகிறதா என்ற ஒரே கேள்வியில் வந்து நின்றது.

"உன் பள்ளிக்கூடத்தோட எடை எவ்வளவும்மா?" என்றேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. எஞ்சின் கேட்பவர் லோடு எத்தனை டன் என்று சொல்ல வேண்டாமா? பழைய கார்டில் ஓடாவிட்டால் போகட்டும், கார்டை விட்டுவிட்டு சிபியுவிலேயே ஒரே ஒரு படத்தைப் போட்டுப் பார், எத்தனை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும் என்றேன். எங்கள் கம்ப்யூட்டரின் பொது மெமரி 16 ஜிபி. பிளெண்டர், வேலை நடக்கும்போதே உச்சபட்சமாக எவ்வளவு மெமரி பிடித்தது என்று மூலையில் காட்டும். படம் முடிய ஐம்பது நிமிஷம் ஆனது. உச்சம் 9.4 ஜிபி. சிபியுவில் பிடிக்கும் மெமரியும் கார்டில் பிடிக்கும் மெமரியும் அச்சாக ஒன்றல்ல. ஆனாலும் 8இல் அடங்காது, 12இல் அடங்கும் என்று சொல்ல அது போதும்.

அவளுடைய ஆசிரியர் ஒருவர், செங்கல், மரப் படங்களின் அளவைப் பாதியாகக் குறைத்தால் 8 ஜிபியிலும் அடக்கிவிடலாம் என்று சொன்னாராம். அதுவும் உண்மை. கைதேர்ந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் கொடுக்க வேண்டிய தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்தக் கைத்திறனை அவள் கற்றுக்கொண்டிருக்க முடியாது. மெதுவாகப் போகும் எஞ்சின் ஊர் போய்ச் சேரும். லோடை இழுக்க முடியாத எஞ்சின் கிளம்பவே கிளம்பாது. 3060 என்று முடிவு செய்தேன். பேரன் அன்று இரவு என்னோடு பேசவில்லை. அவனுடைய வருத்தமும் நியாயம்தான். அவன் போட்ட கணக்கில் தப்பே இல்லையே.

இனி நான் கோட்டை விட்ட கதை. மறுநாள் சீதாபர்டி பக்கம் ஒரு கடைக்குத் தனியாகப் போய், "3060 கொடுங்கள்" என்றேன். முன்பு விசாரித்ததைவிட விலை கொஞ்சம் குறைவாகச் சொன்னார்கள். பேரம் படிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் பேத்தி பெட்டியை வாங்கிப் பார்த்தவள், "தாத்தா, இதுல 8 ஜிபின்னு போட்டிருக்கே" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 2022 கடைசியில் அதே 3060 என்ற பெயரிலேயே 8 ஜிபி கார்டு ஒன்றையும் கொண்டு வந்திருக்கிறார்கள். கோர்கள் அதே 3,584தான். ஆனால் பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைந்துவிட்டது. 128, 15, வகுத்தல் 8: விநாடிக்கு 240 ஜிபி. பழையதன் குறைந்த வேகம், புதியதன் குறுகிய பாதை, அந்தப் பெரிய கருவிப்பெட்டியும் கிடையாது. பல விளையாட்டுகளில் அது 12 ஜிபி கார்டைவிடத் தெளிவாகப் பின்தங்கும். இரண்டு பிள்ளைகளுக்கு நாலு நாள் பாடம் எடுத்த தாத்தா, பெட்டியின் மேல் இருந்த ஒரு எண்ணைப் படிக்கவில்லை.

நல்லவேளையாக சீல் உடைக்கவில்லை. திரும்பப் போனபோது, "3060 கேட்டீர்கள், 3060 கொடுத்தேன்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதிலும் பொய் இல்லை, ஆகையால் என்னால் சண்டை போட முடியவில்லை. வித்தியாசத்தைக் கட்டி 12 ஜிபி கார்டாக மாற்றிக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை பேரனையும் கூட்டிப்போனேன். பெட்டியில் 12 ஜிபி, 192 பிட் இரண்டையும் அவன்தான் கடையிலேயே சத்தமாகப் படித்தான். வீட்டில் மாட்டியதும், கார்டின் விவரங்களைக் காட்டும் ஒரு சின்ன இலவச மென்பொருளிலும் அதே எண்கள் வருகின்றனவா என்று சரிபார்த்தான். வாங்குகிறவர்கள் கடைசி எழுத்து வரை பெயரையும், மெமரியையும், பஸ் அகலத்தையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பில்லிலும் மெமரி அளவைப் போடச் சொல்லுங்கள்.

பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் ஒரு எச்சரிக்கை. 2021, 2022இல் ஈதரியம் என்ற மின்னணு நாணயத்தைத் தோண்டுவதற்காக ராப்பகலாக ஓட்டப்பட்ட கார்டுகள் நிறைய. 2022 செப்டம்பரில் அந்தத் தோண்டும் முறையே நின்று போனதும் அவை விற்பனைக்கு வந்தன. எல்லாமே கெட்டுப்போனவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விசிறியின் பேரிங்கையாவது கையால் சுற்றி, சத்தம் கேட்டுப் பாருங்கள். பேரிங் சத்தம் பொய் சொல்லாது என்பது என் அனுபவம்.

பேத்தியின் பள்ளிக்கூடம் புதிய கார்டில் முதல் இரவே ஓடியது. ஒரு படத்துக்கு ஐம்பது நிமிஷம் ஆனது, சுமார் ஐந்து நிமிஷமாகக் குறைந்தது. நடந்து போகும் படத்துக்கு நூற்றுக்கணக்கான படங்கள் வேண்டும் என்பதால் அப்படியும் பல இரவுகள் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த நாட்களில் பேரனுக்கு விளையாட்டு கிடையாது. தேதிக்கு ஒரு நாள் முன்னால் முடித்தாள். வாசலில் அந்த வேப்பமரம் இலை இலையாக அசைவதை அவள் எனக்குத்தான் முதலில் காட்டினாள். பேரனின் கால்பந்தும் நன்றாகவே ஓடுகிறது. 4060இல் இருபது சதவீதம் இன்னும் நன்றாக ஓடும் என்பதை வாரம் ஒரு முறை எனக்கு நினைவுபடுத்துகிறான்.

2025 மே மாதம் ஆர்டிஎக்ஸ் 5060 வந்தது. 3,840 கோர், 145 வாட், மெமரி மறுபடியும் 8 ஜிபி, பாதை மறுபடியும் 128 பிட். "பாத்தீங்களா தாத்தா, இதுலயும் பாதையைக் குறைச்சுட்டாங்க, வேண்டாம்" என்றான் பேரன். அவசரப்படாதே, பாதையில் வண்டி என்ன வேகத்தில் ஓடுகிறது என்று பார் என்றேன். புதுவகை மெமரி, விநாடிக்கு 28 கிகாபிட். பேப்பரை எடுத்துப் பெருக்கி, எட்டால் வகுத்து, 448 என்று கொண்டுவந்து காட்டினான். பிறகு அவனே, "ஆனா அக்காவோட பள்ளிக்கூடம் இதுலயும் அடங்காது" என்றான்.